கணினிப் பட்டம் எடுக்கலாமா?

(சங்கத்தின் கல்விக்குழு நடத்திய பெற்றோர் – மாணவர் சந்திப்பில் குழுவின் சார்பாக ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிராங்கூன் சாலைக் கூட்டத்தைத் தாண்டி இந்த மண்டபத்துக்கு வந்து சேர்வதே ஒரு சாதனை. மக்ரிபுக்கு முன் முடித்துவிட வேண்டும் என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

தேர்வு முடிவுகள் வந்ததும் கல்விக்குழுவைத் தேடி வரும் பெற்றோரில் பாதிப்பேருக்கு மேல் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "பிள்ளையைக் கம்ப்யூட்டரில் சேர்க்கலாமா?" சில ஆண்டுகளுக்கு முன்பு இந்தக் கேள்விக்கு நாங்கள் ஒரே சொல்லில் பதில் சொன்னோம். அந்தப் பதிலைப் பற்றி முதலில் பேச வேண்டும். அதில் எங்கள் தவறும் இருக்கிறது.

2021ஆம் ஆண்டு. கிருமித்தொற்றுக் காலம். கடைகளும் உணவகங்களும் தள்ளாடிக்கொண்டிருந்தன. நம் உறுப்பினர்களில் பலருக்கு வருமானம் பாதியாகிவிட்டது. அப்போது வீட்டில் உட்கார்ந்தபடியே முழுச் சம்பளம் வாங்கியவர்கள் கணினித் துறைப் பிள்ளைகள்தாம். நிறுவனங்கள் போட்டி போட்டு ஆளெடுத்தன. நாங்கள் ஸூம் வழியாக ஒரு கூட்டம் நடத்தினோம். "கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள்" என்று சொன்னோம். இந்தச் சொற்களை அப்படியே சொன்னோம். பதிவு எங்களிடம் இருக்கிறது, அண்மையில் மறுபடி கேட்டுப் பார்த்தோம். கேட்கக் கூச்சமாக இருந்தது.

அடுத்த ஆண்டே காற்று திசைமாறியது. 2022 நவம்பரில் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா 11,000 பேரை வேலையிலிருந்து நீக்கியது. இங்கும் இணைய வணிக நிறுவனங்கள் ஆட்குறைப்புச் செய்தன. அதே நவம்பர் 30ஆம் தேதி சாட்ஜிபிடி வெளிவந்தது. முதலாம் ஆண்டு மாணவர் இரவெல்லாம் உட்கார்ந்து எழுதும் நிரலை ஒரு இயந்திரம் அரை நிமிடத்தில் எழுதிக் காட்டியது.

எங்கள் பேச்சைக் கேட்டுச் சேர்ந்தவர்களில் ஒரு தம்பியைப் பற்றிச் சொல்ல அவருடைய அத்தா அனுமதி தந்திருக்கிறார். பெயர் வேண்டாம். தம்பிக்குக் கணக்கு எப்போதுமே பாரம். கைவேலையில் கெட்டி; வீட்டில் எந்த மின்விசிறி நின்றாலும் அவர்தான் கழற்றி மாட்டுவார். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை. தனியார் கல்வி நிலையம் ஒன்றில் கணினிப் பட்டத்துக்குச் சேர்த்தார்கள். கட்டணம் கட்ட அத்தா எடுத்த பணம், ஹஜ்ஜுக்காக அவரும் அவருடைய மனைவியும் சேர்த்து வைத்திருந்தது. பெயரைப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் ஊர் இது என்று உங்களுக்குத் தெரியும். "முறை வருவதற்குள் பிள்ளை சம்பாதித்துத் தந்துவிடுவான்" என்று நினைத்தார்கள். மூன்று பருவங்களுக்குப் பிறகு தம்பி படிப்பை விட்டுவிட்டார். இப்போது மின்தூக்கிப் பராமரிப்பில் பயிற்சி பெற்று நல்ல வேலையில் இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்தப் பணம் போனது போனதுதான். அத்தா எங்களை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் எங்களுக்கு அதிகமாக வலித்தது.

ஆகவே இன்று "சேருங்கள்" என்றும் சொல்லப் போவதில்லை, "வேண்டாம்" என்றும் சொல்லப் போவதில்லை. யாருக்கு இந்தப் பட்டம் தகும், எப்படிக் கண்டுபிடிப்பது, எவ்வளவு பணத்தை எந்த வழியில் போடுவது என்று பேசுவோம்.

முதலில் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம். நம் பாட்டன்மார் பலர் தஞ்சோங் பகார் துறைமுகத்தை நம்பி வாழ்ந்தவர்கள். கடையநல்லூர், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் அந்த வட்டாரத்திலேயே குடியிருந்தார்கள். 1946இல் உமறுப் புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளியும் அங்கேதான் தோன்றியது. மூட்டை தூக்க ஆள் தேவைப்படாத துறைமுகத்தை அவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். 1972இல் முதல் கொள்கலன் கப்பல் தஞ்சோங் பகாருக்கு வந்தது. அதன் பிறகு சில ஆண்டுகளில் தோளுக்கு இருந்த மதிப்பு பாரந்தூக்கிக்குப் போயிற்று. பிறகு கணினிக்குப் போயிற்று. 1989இல் டிரேட்நெட் வந்தபோது, சரக்குகளுக்கான அனுமதித் தாள்களைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்த வேலையும் குறைந்துபோனது. இன்று துவாஸ் துறைமுகத்தில் ஓட்டுநர் இல்லாத வாகனங்கள் கொள்கலன்களைச் சுமந்து செல்கின்றன.

முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் சிலர் இந்த மாற்றங்களைக் கண்ணால் பார்த்தவர்கள். அவர்களிடம் கேட்டோம்: "அப்போது யார் தப்பித்தார்கள்?" ஒருவர் சொன்ன பதில் எங்களுக்குப் பிடித்திருந்தது. "மூட்டையில் என்ன இருக்குது, எங்கே போகுது, கணக்கு ஏன் உதைக்குதுன்னு தெரிஞ்சவன் இருந்தான். மூட்டையை மட்டும் தெரிஞ்சவன் போனான்" என்றார். இந்தப் பேச்சை எழுதும்போது அவர் சொன்னதுதான் எங்கள் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

சிங்கப்பூரில் கணினிக் கல்வியின் வயதும் நம் சங்கத்தின் வயதும் ஏறத்தாழ ஒன்றுதான். 1975இல் அன்றைய நன்யாங் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் துறை தொடங்கியது. 1980இல் அந்தப் பல்கலைக்கழகமும் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகமும் இணைந்து சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமானபோது அந்தத் துறையும் உடன் வந்தது; 1998இல் தனிக் கணினிக் கல்லூரியாக வளர்ந்தது. 1981இல் அரசாங்கம் தேசியக் கணினி வாரியத்தை அமைத்தது. அதற்கு அடுத்த ஆண்டுதான் உமறுப் புலவர் பள்ளி மூடப்பட்டது. ஒரு கதவு மூடிய காலமும் இன்னொரு கதவு திறந்த காலமும் ஒன்றாக இருந்தன. திறந்த கதவு நம்மில் பலர் கண்ணில் அப்போது படவில்லை. அந்த ஆதங்கம்தான் இன்று நம் பெற்றோரை அவசரப்படுத்துகிறது என்று நினைக்கிறோம். அப்போது தவறவிட்டதை இப்போதாவது பிடித்துவிட வேண்டும் என்ற தவிப்பு.

சரி, கணினி அறிவியல் என்றால் என்ன? நிரல் எழுதுவது என்றுதான் பலர் நினைக்கிறோம். எங்களுக்கு அது வேறு என்று புரியவைத்தவர் நம் சங்கத்துப் பெண் ஒருவர். அந்தக் கதைக்கு முன் ஒரு சிறு முன்னுரை.

ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மியின் பெயர் லத்தீன் மொழிக்குப் போய்த் திரிந்துதான் 'அல்காரிதம்' என்ற சொல் பிறந்தது. இதை நம் மேடைகளில் அடிக்கடி சொல்லிப் பெருமைப்படுகிறோம். அவர் எழுதிய இயற்கணித நூலின் பெரும் பகுதி எதைப் பற்றியது என்பதை மட்டும் சொல்வதில்லை. அது மரண சாசனமும் வாரிசுப் பங்கும் பற்றியது. மார்க்கம் வகுத்த பாகங்களை எந்தக் குடும்பத்துக்கும் பிழையில்லாமல் கணக்கிடும் வழியைத் தேடியவர் அவர். ஒரு குடும்பத்துக்கு விடை சொல்வது கணக்கு. எந்தக் குடும்பம் வந்தாலும் விடை தரும் வழிமுறையைக் கண்டுபிடித்து, அது சரிதான் என்று நிறுவுவது கணினி அறிவியல். எங்களுக்குத் தெரிந்த எளிய விளக்கம் இதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு விடுமுறையில் நம் பிள்ளைகள் சிலரிடம், பராயிள் முறைப்படி வாரிசுப் பங்கைக் கணக்கிடும் சிறு நிரல் ஒன்றை எழுதித் தரச் சொன்னோம். ஷரியா நீதிமன்றத்தின் இணையத்தளத்தில் இப்படிக் கணக்கிட்டுப் பார்க்கும் வசதி ஏற்கெனவே உண்டு. இருந்தாலும் பயிற்சிதானே என்று கொடுத்தோம். தொடக்கக்கல்லூரி மாணவர் ஒருவர் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார். பார்க்க அழகாக இருந்தது. இரண்டு மூன்று குடும்பங்களைப் போட்டுப் பார்த்தோம், சரியாக வந்தது. கை தட்டினோம்.

அப்போது பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அந்தப் பெண் எழுந்து, "இதைப் போட்டுப் பாருங்கள்" என்றார். ஒரு பெண்மணி காலமாகிறார். கணவரும் உடன்பிறந்த சகோதரிகள் இருவரும் மட்டுமே வாரிசுகள். சொத்து 42,000 வெள்ளி. கணவருக்குப் பாதி, அதாவது 21,000. இரு சகோதரிகளுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 28,000. கூட்டினால் 49,000 வெள்ளி. இல்லாத 7,000 வெள்ளியையும் சேர்த்துப் பங்கு போட்டுவிட்டு நிரல் அமைதியாக நின்றது. பிழை என்று ஒரு சொல்லும் வரவில்லை.

ஆலிம்கள் சிரிக்கிறார்கள், அவர்களுக்கு இது பழைய கணக்கு. உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலத்தில் இதே வழக்கு வந்து, எல்லாப் பங்குகளையும் ஒரே விகிதத்தில் குறைக்க முடிவானது. 'அவ்ல்' என்று பெயர். ஆறு பாகத்தை ஏழு பாகமாக்கினால் கணவருக்கு 18,000, சகோதரிகளுக்குத் தலா 12,000. கூட்டினால் சரியாக 42,000 வெள்ளி.

அந்தப் பெண் அதோடு விடவில்லை. "பங்கு போட்டபின் மிச்சம் விழுந்தால் அது எங்கே போகும்? ஷாஃபியா, ஹனஃபியா என்று இந்த நிரல் யாரையும் கேட்கவே இல்லையே" என்றார். மிச்சத்தின் விஷயத்தில் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு இருக்கிறது. நம் சங்கத்திலேயே இரு மத்ஹபுக் குடும்பங்களும் இருக்கின்றன. அவர் தாமாக ஒரு வரி நிரல்கூட அன்று எழுதவில்லை. ஆனால் அறையில் இருந்த கணினிக்காரர் அவர்தான்.

இயந்திரம் எழுதும் காலத்தில் பட்டத்துக்கு மதிப்பு உண்டா என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில் இந்தச் சம்பவம்தான். அந்தச் செயலிகள் இன்னும் தேறும். நாளை இந்தக் கணக்கைச் சரியாகவே போட்டுவிடலாம். அப்போதும், எதைக் கேட்க மறந்தோம், எந்தக் குடும்பத்தில் இது உடையும், தவறினால் யார் பணம் போகும் என்று பார்க்க ஒருவர் வேண்டும். பங்கு இருக்கும் இடத்தில் மருந்தளவையோ வங்கிக் கணக்கையோ விமான இருக்கையையோ வைத்துப் பாருங்கள். நல்ல பல்கலைக்கழகம் நான்காண்டுகளில் சொல்லித் தருவது இப்படிப் பார்க்கும் கண்ணைத்தான்: தருக்கக் கணிதம், நிகழ்தகவு, தரவுக் கட்டமைப்பு, இயங்குதளம், வலையமைப்பு என்று பெயர்கள் மட்டும் வேறு. மொழியின் இலக்கணத்தை மட்டும் மூன்று மாதத்தில் கற்றுத் தரும் வகுப்புகளுக்கு முன்பு ஒரு மதிப்பு இருந்தது. அந்த வேலையைத்தான் இயந்திரம் முதலில் எடுத்துக்கொள்கிறது. பெரியவர் சொன்ன மூட்டை அது.

இனி வேலை நிலவரம். சுற்றி வளைக்காமல் சொல்கிறோம். 2024ஆம் ஆண்டில் பட்டம் பெற்றவர்களிடம் நம் பல்கலைக்கழகங்கள் நடத்திய கருத்தாய்வில், ஆறு மாதத்துக்குள் முழுநேர நிரந்தர வேலை கிடைத்தவர்கள் 79.5 விழுக்காடு. அதற்கு முந்தைய ஆண்டு 84.1 விழுக்காடு. இது எல்லாத் துறைகளுக்கும் சேர்த்துச் சொல்லும் கணக்கு. இடைநிலைச் சம்பளம் 4,500 வெள்ளி. கணினித் துறையில் வேலை கிடைத்தவர்களுக்கு இன்னமும் அதைவிட அதிகம். 5,000 வெள்ளிக்கு மேல். கிடைத்தவர்களுக்கு என்ற சொல்லைக் கவனியுங்கள். சம்பளம் குறையவில்லை, வாசல் குறுகியிருக்கிறது. தனியார் கல்வி நிலையப் பட்டதாரிகளின் நிலை, வேலை வாய்ப்பிலும் சம்பளத்திலும், இதைவிடக் கணிசமாகக் குறைவு. பட்டத்தின் பெயர் ஒன்றுதானே என்று நினைத்துவிட வேண்டாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயர் சான்றிதழில் இருக்கலாம். முதலாளி பார்ப்பது வேறு.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறோம். தன்னாட்சிப் பல்கலைக்கழகம் எதிலும் கணினிக்கு இடம் கிடைக்கவில்லை என்றால், அதே பட்டத்தைப் பல ஆயிரம் கொடுத்து வேறு இடத்தில் வாங்குவதற்கு முன் எங்களிடம் ஒருமுறை பேசுங்கள். சிலருக்கு அது சரியாக அமைந்திருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே, என்ன வேண்டும் என்று தெரிந்து படித்தவர்கள் அவர்கள். பதினெட்டு, இருபது வயதில் கௌரவத்துக்காகச் சேர்ந்தவர்களுக்கு அமைந்ததை நாங்கள் அதிகம் பார்க்கவில்லை.

பணத்துக்கு வருவோம். தாய்மார்கள் குறித்துக்கொள்ளுங்கள். குடிமக்களுக்குக் கல்வி மானியம் போகக் கணினிப் படிப்புக்கு ஆண்டுக்கு 8,000 வெள்ளிக்கு மேல் ஆகிறது. நான்காண்டுக்கு 30,000 வெள்ளியைத் தாண்டும். நிரந்தரவாசிகளுக்குக் கட்டணம் கூடுதல். அவர்கள் மானியம் பெற்றால் படித்து முடித்தபின் மூன்றாண்டுகள் சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை செய்ய வேண்டும் என்ற ஒப்பந்தமும் உண்டு. அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்ட குடும்பங்கள் இருக்கின்றன.

கல்வி அமைச்சின் கட்டணக் கடன் திட்டத்தில் பல்கலைக்கழகக் கட்டணத்தில் 90 விழுக்காடு வரை கடன் கிடைக்கும். படிக்கும் காலத்தில் வட்டி கிடையாது. பட்டம் பெற்றபின் வட்டி தொடங்குகிறது. தவணையை 20 ஆண்டு வரை நீட்டலாம். இந்த 20 ஆண்டு என்ற சொல்லில்தான் ஆபத்து இருக்கிறது. மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நாங்கள் ஆளில்லை, அதை ஆலிம்களிடம் கேளுங்கள். ஆனால் நம் குடும்பங்கள் சில செய்ததைச் சொல்லலாம். கடன் எடுத்தார்கள். படிக்கும் காலத்திலேயே மாதாமாதம் ஒரு தொகையைத் தனியே ஒதுக்கினார்கள். விடுமுறை வேலைச் சம்பளத்தையும் சேர்த்தார்கள். வட்டி தொடங்குவதற்குள் முழுவதையும் கட்டிவிட்டார்கள். எல்லோராலும் முடியாது. முடிந்தவர்கள் முதலாம் ஆண்டிலேயே கணக்குப் போட்டவர்கள். அத்தாவின் மத்திய சேம நிதியிலிருந்து எடுக்கும் வழியும் உண்டு. அதைப் பிள்ளை வட்டியோடு அத்தாவின் கணக்குக்கே திருப்பிக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் குறைவது அத்தாவின் ஓய்வுக்காலம். வீட்டில் உட்கார்ந்து இதை வாய்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள். "பிள்ளைதானே, பார்த்துக்கொள்வான்" என்று விட்டுவிட வேண்டாம்.

உதவி நிதிகள் பற்றி ஒரு குழப்பம் நம்மிடையே இருக்கிறது. மெண்டாக்கியின் உயர்கல்விக் கட்டணச் சலுகை மலாய் இன மாணவர்களுக்கானது. முஸ்லிம் என்பதால் கிடைத்துவிடும் என்று கடைசி நாள்வரை காத்திருந்து ஏமாந்தவர்கள் உண்டு. எல்.பி.கே.எம். என்று நாம் அழைக்கும் மீலாது நினைவுக் கல்வி உதவி வாரியம் 1965 முதல் இருக்கிறது. இனம் பார்க்காமல் முஸ்லிம் மாணவர்களுக்கு உதவுகிறது. குடும்பத்தில் தலைக்கு எவ்வளவு வருமானம் என்று பார்த்து அரசாங்கம் தரும் உபகாரச் சம்பளங்கள் உண்டு. இவை கடன் இல்லை, திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. சிண்டாவின் கதவையும் தட்டுங்கள். நம் சங்கத்தின் கல்வி நிதியும் இருக்கிறது, தொகை சிறியது. கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அது உங்கள் சந்தாவில் வளர்ந்தது.

அந்தப் பெண்ணின் கதையை முழுதாகச் சொல்லவில்லை. பட்டயப் படிப்பு முடிந்ததும் அவருக்கு ஒரே மாதத்தில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று, ஏறத்தாழ 3,000 வெள்ளிச் சம்பளத்தில் வேலை. மற்றொன்று பல்கலைக்கழக இடம். வீட்டில் நன்னியம்மாவுக்கு மூன்றாவது கடிதம் ஒன்றும் வர வேண்டும் என்று ஆசை. அது கல்யாணக் கடிதம். குடும்பமே எங்கள் முன்னால் வந்து உட்கார்ந்தது. மூன்றரை, நான்கு ஆண்டுச் சம்பளத்தை விட்டுக்கொடுத்து, கட்டணமும் கட்டிப் படிப்பது தகுமா என்று அத்தா கேட்டார். நியாயமான கேள்வி. விட்டுக்கொடுக்கும் சம்பளத்தைச் சேர்த்தால் செலவு 30,000 இல்லை, ஒன்றரை லட்சத்தைத் தாண்டுகிறது.

2021இல் இருந்திருந்தால் "பட்டத்தை எடு" என்று உடனே சொல்லியிருப்போம். இம்முறை அவரிடமே கேட்டோம். அவர் சொன்னார்: "எனக்குப் படிக்க வேண்டும். ஆனால் எதைப் படிக்க வேண்டும் என்று வேலை பார்த்தால்தான் தெரியும்." பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதி இடத்தை ஓராண்டு தள்ளிவைக்க முடியுமா என்று கேட்கச் சொன்னோம். முடிந்தது. ஓராண்டு வேலை பார்த்தார். மருத்துவத் தரவுகளைக் கையாளும் ஒரு பிரிவில் இருந்தபோது, தம்மைவிட மூத்தவர்கள் எடுக்கும் முடிவுகளுக்குப் பின்னால் உள்ள புள்ளியியல் தமக்குப் புரியவில்லை என்று கண்டுகொண்டார். இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கிறார். முதலாம் ஆண்டுக் கட்டணம் அவருடைய சொந்தச் சம்பளம். நன்னியம்மா இன்னும் காத்திருக்கிறார். அவருக்காகவும் துஆச் செய்யுங்கள்.

எல்லோருக்கும் இடத்தைத் தள்ளிவைக்க அனுமதி கிடைக்கும் என்று சொல்ல முடியாது. கேட்டுப் பார்க்க வேண்டும். வேலையும் படிப்பும் கலந்த வழிகள் வேறும் இருக்கின்றன. 2009இல் தொடங்கிய சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தின் பட்டப்படிப்புகளில் பல மாதங்கள் நிறுவனத்தில் வேலை செய்வதே படிப்பின் பகுதி. பட்டயம் முடித்த பிள்ளைகளுக்கு அது ஏற்ற இடம். வேலையில் இருப்பவர்களுக்குச் சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் பகுதிநேர வகுப்புகள் உண்டு. பையன்களுக்குத் தேசிய சேவை முடியும்வரை இரண்டாண்டு இயற்கையாகவே கிடைக்கிறது. வார இறுதியில் தூங்கியது போக மிச்ச நேரத்தில் தம்மைச் சோதித்துப் பார்க்கலாம்.

எப்படிச் சோதிப்பது? ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் சி.எஸ்.50 என்ற தொடக்கப் பாடம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பாடங்களைப் பார்ப்பதோடு நிற்காமல், முதல் ஐந்து வாரப் பயிற்சிகளைச் செயற்கை நுண்ணறிவின் உதவி இல்லாமல் செய்து பாருங்கள். கடினமாகத்தான் இருக்கும், எல்லோருக்கும் அப்படித்தான். கவனிக்க வேண்டியது வேறு. இரண்டு மணி நேரம் ஒரு பிழையோடு மல்லுக்கட்டிய பிறகு பிள்ளை மறுநாள் திரும்பவும் அதன் முன்னால் போய் உட்காருகிறதா? யாரும் சொல்லாமல்? உட்கார்ந்தால் இந்தப் படிப்பு அதற்குத் தாங்கும். ஐந்து வாரத்தில் தெரிந்துவிடுவதை ஐந்து இலக்கப் பணம் கட்டி மூன்று பருவம் கழித்துத் தெரிந்துகொள்ள வேண்டாம். மின்தூக்கித் தம்பிக்கு அன்று நாங்கள் சொல்லியிருக்க வேண்டியது இது.

கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளைக்குக் கணக்கில் நல்ல மதிப்பெண் இல்லை என்றாலே கதவு மூடிவிட்டது என்று நினைக்க வேண்டாம். சூத்திரத்தை மனப்பாடம் செய்ய முடியாமல் மதிப்பெண் குறைந்தவர்கள் தருக்கக் கணிதத்தில் ஒளிர்ந்ததைப் பார்த்திருக்கிறோம். கணக்கைக் கண்டாலே வெறுப்பு என்றால் அது வேறு. அந்த வெறுப்போடு நான்காண்டு ஓட்டுவது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்பதால் பெண் பிள்ளைகளுக்கு இது தோதான துறை என்று சில தாய்மார்கள் நினைக்கிறார்கள். வீட்டிலிருந்து பார்க்கும் வேலைகள் இப்போது குறைந்துவருகின்றன. நிறுவனங்கள் அலுவலகத்துக்குத் திரும்ப அழைக்கின்றன. பிள்ளைக்குப் பிடித்திருந்தால் சேருங்கள். வசதியை நினைத்துச் சேர்த்தால் நாளை வசதி போனபின் என்ன மிஞ்சும்?

ஊரிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளுக்கும் இதே பதிலைச் சொல்லுங்கள். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் கணினிக்குத்தான் முதல் ஓட்டம்; சிவிலுக்கும் மெக்கானிக்கலுக்கும் இடம் காலியாகக் கிடக்கிறது. எல்லோரும் ஒரே வாசலில் நிற்கும்போது, வாசல் நல்லதா என்பதை விட, உள்ளே நம் பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்பது அவசியம். மச்சான் மகனைக் கணினியில் சேர்த்துவிட்டு, "நீ சிங்கப்பூரில்தானே இருக்கிறாய், ஒரு வேலை பார்த்துக் கொடு" என்று கேட்பார்கள். இங்கே வேலை அனுமதி கிடைப்பது எவ்வளவு கடினமாகிவிட்டது என்று இப்போதே சொல்லிவிடுவது உறவுக்கு நல்லது.

நேரம் நெருங்குகிறது. கல்விக்குழு இனி ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு சங்க அறையில் இருக்கும். தேர்வு முடிவுத்தாள், குடும்ப வருமான விவரம், பல்கலைக்கழகக் கடிதம் வந்திருந்தால் அது, எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள். கடன் ஒப்பந்தம் எதிலும் அதற்கு முன் கையெழுத்துப் போட வேண்டாம். பிள்ளையையும் அழைத்து வாருங்கள். முதல் பத்து நிமிடம் பிள்ளையிடம்தான் பேசுவோம்; அத்தாவும் உம்மாவும் வெளியே உட்கார்ந்து தேநீர் அருந்தலாம். மின்தூக்கித் தம்பியும் எங்கள் குழுவில் சேர ஒப்புக்கொண்டிருக்கிறார். அடுத்த மாதம் முதல் அவரும் மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பார், இன்ஷா அல்லாஹ்.

பாங்கு சொல்லப் போகிறார்கள். வஸ்ஸலாம்.